மேஸ் அறுவைக்குப் பிறகு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வாதக் காய்ச்சலால் கெட்டுப்போன மிட்ரல் வால்வை மாற்றும்போதே, தாறுமாறாகத் துடிக்கும் இதய மேலறைக்கும் சேர்த்துப் பலருக்கு ‘மேஸ்’ அறுவை செய்கிறார்கள். 1987இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் காக்ஸ் தொடங்கிவைத்த முறை. மேலறைச் சுவரில் வடுக்கோடுகள் போட்டு, தப்பான மின்துடிப்பின் பாதையை அடைப்பார்கள். சிக்கல் வீட்டுக்குப் போன பிறகுதான்.

“துடிப்புதான் சரியாகிவிட்டதே” என்று நோயாளிகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வாய் கோணி, கை விழுந்து, தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். எத்தனை முறைதான் இதைப் பார்ப்பது?

முதல் 3 மாதம் படபடப்பு வந்து போகலாம். அதனாலேயே அறுவை தோற்றுவிட்டதாக ஆகாது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் துடிப்பு சீராக இருக்கும். மேலறை மிகவும் விரிந்திருந்தவர்களுக்கும் நெடுநாள் நோயாளிகளுக்கும் தாறுமாறான துடிப்பு திரும்பிவர வாய்ப்பு அதிகம். பல நேரம் அது தெரியாமலே வரும். அதனால்தான் ஈசிஜியும், நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டரும் எடுக்கச் சொல்கிறார்கள். ரத்தம் உறையும் இடமான இடது மேலறைப் பையை மூடியவர்களுக்குப் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2021இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அவர்களிலும் பெரும்பாலோர் மாத்திரையைத் தொடர்ந்தவர்கள்தான். உலோக வால்வு வைத்தவர்களுக்கு மாத்திரை ஆயுள் முழுக்க. பல் பிடுங்குவதற்காகக்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது, ரத்தக்கசிவு வரும்.

இனி காகித விஷயம். ஓர் அம்மாவின் மஞ்சள் பையில் பில்கள், எக்ஸ்ரே, காப்பீட்டு அட்டை எல்லாம் இருந்தன; டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இல்லை. என்ன வால்வு, மேஸ் செய்தார்களா, பையை மூடினார்களா, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்? அவசரத்தில் வந்தவரிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக் குறிப்பையும் கேளுங்கள். உள்நோயாளி எண், அறுவைத் தேதி குறிப்பிட்டு, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டால் “நாளைக்கு வாங்க” என்று அலையவைப்பார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வரைதான் பதிவேட்டை வைத்திருக்கும் கடமை அந்த விதியில் இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

அரசு மருத்துவமனை இழுத்தடித்தால், அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். தர மறுக்கும் மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். பணம் கட்டிச் சிகிச்சை பெற்றவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்குக் கெடு 2 ஆண்டு.