உங்களுக்குத் தெரியுமா? பாடநூல் சொற்களுக்குத் திருச்சியில் முகவரி

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இலக்கியச் சொற்களை இரண்டு மதிப்பெண்ணுக்காக உருப்போடுவதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். காட்டூரில் பேருந்து ஏறினால் போதும், அவற்றில் பலவற்றை நேரில் பார்த்துவிடலாம்.

மோனை, எதுகை, இயைபு: பேருந்தின் பெயர்ப்பலகையிலேயே தொடங்குங்கள். காட்டூர், காவிரி: முதலெழுத்து ஒன்றினால் மோனை. காட்டூர், பாட்டு: இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. காட்டூர், உறையூர், திருவெறும்பூர்: முடிவு ஒன்றினால் இயைபு.

அந்தாதி: ஒரு பாட்டு முடிந்த சொல்லிலோ எழுத்திலோ அடுத்த பாட்டு தொடங்குவது அந்தாதி. ஒரு முழு அந்தாதி மலைக்கோட்டையில் கல்லில் வெட்டப்பட்டிருப்பது தெரியுமா? உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறும் வழியில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த மேல் குகைக்கோயிலில் இருக்கிறது அது. பெயர் சிராமலை அந்தாதி. பாடியவர் வேம்பையர்கோன் நாராயணன். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். நூல்களை மனப்பாடமாகவே காப்பாற்றிய காலத்தில் இந்த அமைப்பு பெரிய துணை. நடுவில் ஒரு பாட்டை விட்டுவிட்டால் சொல்கிறவருக்கே உடனே இடறும். கல்வெட்டு என்றதும் போரும் நிலதானமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஓர் இலக்கிய நூலையே கல்லில் பதித்து வைத்த ஊர் இது என்பதை இங்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

பாதாதிகேசம்: அடி முதல் முடி வரை வரிசையாக வருணிப்பது. உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் அரங்கனைப் பத்தே பாடல்களில் பாடிய அமலனாதிபிரான் இதற்கு நல்ல சான்று. திருவடியில் தொடங்கி ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என்று பார்வை மெல்ல மேலே ஏறும், சினிமாவில் கேமரா ஏறுவதுபோல. முடியிலிருந்து இறங்கினால் கேசாதிபாதம்.

சிலேடை: ஒரே தொடர் இரு பொருள் தருவது. ‘ஸ்ரீரங்கத்தில் மாலை அழகு’ என்றால் பொழுதா, பூவா? இதில் மன்னன் காளமேகப் புலவர். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கியவர். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்றும், திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி அருளால் கவியானவர் என்றும் சொல்வார்கள். அவர் பாடிய திருவானைக்கா உலா, ‘உலா’ என்ற சிற்றிலக்கிய வகைக்கும் எடுத்துக்காட்டு.

தொன்மம்: காட்டூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேவர்கள் எறும்பு உருவில் வந்து சிவனை வழிபட்டார்கள் என்பது திருவெறும்பூர்க் குன்றுக்கோயிலின் தலக்கதை, அது தொன்மம். அதே கோயிலில் உள்ள சோழர் கல்வெட்டுகள் வரலாற்றுச் சான்று. இரண்டையும் மதிக்கலாம், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அரங்கேற்றம்: நாட்டியத்துக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் காலத்தில் புலவர் தம் நூலை அவையில் படித்து, பொருள் சொல்லி, எழும் கேள்விகளுக்கு விடை தந்தால்தான் நூல் ஊரறிய வெளியாகும். கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று ஸ்ரீரங்கம் தாயார் சந்நிதி எதிரே ஒரு மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

புனைபெயர்: ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த இரண்டு ரங்கராஜன்கள் எழுத்தால் புகழ் பெற்றார்கள். ஒருவர் கவிஞர் வாலி. மற்றவர் சுஜாதா, அது அவர் மனைவியின் பெயர்.

கதைசொல்லி: சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் ‘நான்’ என்று ஒருவர் பேசுவார். அந்த ‘நான்’தான் கதைசொல்லி. எழுதியவரின் ஊரும் தெருவும் கதைக்குள் வரலாம். அதற்காக எழுதியவரும் கதைசொல்லியும் ஒருவரே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எழுத்தாளர் உண்மையோடு கற்பனையைக் கலக்க அந்த ‘நான்’ இடம் கொடுக்கிறது. ஒரு கதையைப் படித்ததும் ‘இதைச் சொல்வது யார், அவருக்கு எவ்வளவு தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். வாசிப்பில் இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரிந்து வேறில்லை.

உவமை: இதற்கு மட்டும் திருச்சியை விட்டு வெளியே போகிறேன். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாக்கிய குறுந்தொகைக் கவிஞரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றார்கள்.

அகராதி: முன்பு சொற்பொருள் அறிய நிகண்டு என்னும் செய்யுள் நூலை மனப்பாடம் செய்ய வேண்டும். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732இல் தந்த சதுரகராதி, சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கியது. அதன் நான்கு பகுதிகள் பெயர், பொருள், தொகை, தொடை. கடைசிப் பகுதி, எதுகைக்குச் சொல் கிடைக்காமல் தவிக்கும் கவிஞர்களுக்காக.