முகத்துக்கு எண்ணெயா, தண்ணீரா?

உங்கள் அடுக்களையில் அப்பளம் இருக்கிறதா? பொரித்தது வேண்டாம், நன்றாகக் காய்ந்த பச்சை அப்பளமாக இரண்டு எடுத்துக் கொள்ளுங்கள். "சமையல் குறிப்பா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், "இல்லை, அழகுக் குறிப்பு" என்று சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

ஓர் அப்பளத்தின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி ஒரு தட்டில் வையுங்கள். மற்றொன்றைத் தண்ணீரில் நனைத்து வேறொரு தட்டில் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து இரண்டையும் மடித்துப் பாருங்கள். எண்ணெய் அப்பளம் பளபளவென்று கண்ணைப் பறிக்கும். ஆனால் மடித்தால் 'படக்'கென்று ஒடியும். தண்ணீர் அப்பளமோ ஈரத் துணி மாதிரி துவளும்.

இதே சோதனையை, அப்பளத்துக்குப் பதிலாக மனிதத் தோலை வைத்துக் கொண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானி இர்வின் பிளாங்க் செய்து பார்த்தார். அவர் எடுத்துக் கொண்டது காய்ப்புக் காய்த்து உலர்ந்த தோல் துண்டு. எண்ணெயில் ஊற வைத்தார். விறைப்பு விறைப்பாகவே இருந்தது. தண்ணீர் பட்டதும் இளகிவிட்டது. 1952-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். தோலை மிருதுவாக்குவது எண்ணெய் அல்ல, தண்ணீர்தான் என்பது அன்றைக்கே தீர்ந்து போன விஷயம். ஆனால் நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததே மிகவும் தாமதமாகத்தான்.

என் அண்ணி டில்லியில் இருக்கிறாள். பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில். சென்னையின் புழுக்கத்தில் பழகிய முகம், டில்லியின் மார்கழியை எப்படித் தாங்கும்? குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைச் சுமக்க முடியாது. அந்தக் காற்றை ஹீட்டர் போட்டுச் சூடாக்கினாலோ, அது தாகம் எடுத்த பிராணி மாதிரி கிடைத்த இடத்தில் ஈரத்தை உறிஞ்சும். மரக்கதவு, ஜன்னல் என்று எதையும் விடாது. மனிதர் முகத்தை மட்டும் விட்டுவிடுமா?

2021 மார்கழியில் ஒரு நாள் போனில் சொன்னாள்: "முகம் பூராவும் எண்ணெய் வழிகிறது. ஆனால் வாய்விட்டுச் சிரித்தால் கன்னம் வெடித்துவிடும் போல இருக்கிறது. இது என்ன கூத்து?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கிப் பார்சல் அனுப்பினேன். அவள் காலையில் தடவினாள், மாலையில் தடவினாள், படுக்கப் போகும்போதும் தடவினாள். எண்ணெய் அப்பளத்தின் கதைதான் நடந்தது.

உங்களுக்கும் அப்படித்தானா? முகம் கழுவிய ஐந்து நிமிஷத்துக்குள் தோல் இழுத்துப் பிடிக்கிறதா? கன்னத்தை விரலால் மெல்ல மேலே தள்ளினால், பட்டுப் புடவையைக் கசக்கினாற்போல மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? பவுடர் திட்டுத் திட்டாக நிற்கிறதா? மூக்கு மினுமினுக்கிறது, கன்னம் மட்டும் காய்கிறதா? இதற்கு எண்ணெய்ப் பசை இல்லாத சருமம் என்று பெயரில்லை. ஈரம் வற்றிய சருமம் என்று பெயர். இரண்டும் வேறு. எண்ணெய் வடியும் முகத்திலும் ஈரம் வற்றலாம். அண்ணிக்கு நடந்த 'கூத்து' அதுதான்.

தோலின் மேலேயுள்ள அடுக்கு மிகவும் மெல்லியது. முகத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் 50-ல் ஒரு பங்குகூட இருக்காது. செங்கல் அடுக்கிச் சாந்து பூசிய சுவர் என்று அதை வைத்துக் கொள்ளுங்கள். உலர்ந்து தட்டையான செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவேயுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. செங்கல்லுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும் உப்புகளும் சத்துகளும் இருக்கின்றன. அந்த ஈரம் 100-க்கு 10 பங்குக்குக் கீழே இறங்கினால் சுவர் விறைத்து வெடிக்கத் தொடங்கும். சாந்து உதிர்ந்தால், உள்ளேயுள்ள நீரும் ஆவியாகிப் போய்க் கொண்டேயிருக்கும்.

சாந்தை உதிர்ப்பதில் முதல் குற்றவாளி சோப். சருமம் இயல்பாகவே இலேசான புளிப்புத் தன்மை உள்ளது. சோப் காரத் தன்மை உள்ளது. நாளைக்கு நாலு முறை சோப்பும் கொதிக்கிற வெந்நீருமாக முகத்தைத் தேய்த்தால் அழுக்கோடு சாந்தும் கரைந்து போகும். கடலை மாவு சாதுவாயிற்றே என்பீர்கள். காய்ந்த முகத்தில் அதை வரட்டு வரட்டென்று தேய்த்தால் அதுவும் சாது இல்லை. அடுத்த குற்றவாளி, சென்னையிலேயே இருக்கிறவர்களுக்கும் தெரிந்தவர்தான்: ஏர்கண்டிஷனர். அதன் குழாயிலிருந்து ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறதே, பார்த்திருக்கிறீர்களா? அறையின் காற்றிலிருந்து பிழிந்து எடுத்த ஈரம் அது. எட்டு மணி நேரம் அதன் நேர் எதிரே உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் முகம் மட்டும் எப்படிப் பசுமையாக இருக்கும்?

"அப்படியானால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறேன்" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் தேவையான அளவு குடிக்கிறவர், அதற்கு மேலும் குடித்தால் முகம் பளபளக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவார். பானையில் ஓட்டை இருக்கும்போது மேலே மேலே ஊற்றி என்ன பயன்?

ஓட்டையை அடைக்கிற வேலைக்குத்தான் எண்ணெய். அது தண்ணீர் கொடுக்காது. இருக்கிற தண்ணீரைப் போகாமல் காக்கும். இன்னொரு தரம் அப்பளத்திடம் போவோம். நனைந்த அப்பளத்தின் மேல் எண்ணெயைத் தடவி வைத்துப் பாருங்கள். வெறுமே நனைத்ததைவிட அதிக நேரம் துவண்டே இருக்கும். முதலில் நீர், பிறகு எண்ணெய். வரிசை மாறினால் வேலை நடக்காது.

நம் எண்ணெய் ஸ்நானத்தில் வரிசையே தலைகீழ் அல்லவா? எண்ணெய் தேய்த்து ஊறி, பிறகு சீயக்காய் போட்டு அதைக் கழற்றிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை ஸ்நானத்தை விட்டுவிட வேண்டாம். அதன் சுகம் வேறு. ஈரம் வற்றிய முகத்துக்கு மட்டும் ஸ்நானத்துக்குப் பிறகு எண்ணெய் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

செய்முறை இதுதான். இரவில் முகத்தை வெதுவெதுப்பான நீரில், மிருதுவான ஏதாவது போட்டு ஒரே முறை கழுவுங்கள். துண்டால் அழுத்தித் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். முகம் இன்னும் சில்லென்று இருக்கும்போதே கிளிசரினும் பன்னீரும் கலந்து இலேசாகத் தடவுங்கள். ஒரு ஸ்பூன் கிளிசரினுக்கு நாலைந்து ஸ்பூன் பன்னீர் போதும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து இழுக்கும் குணமுள்ளது. நீர் கலக்காமல் காய்ந்த காற்றில் தடவினால் உங்கள் தோலுக்குள்ளிருந்தே இழுக்கப் பார்க்கும், ஜாக்கிரதை! (கல்யாணத்தில் தெளிக்கிற பன்னீர் வேண்டாம். அதில் ரோஜாவைவிட வாசனைச் சரக்குதான் அதிகம்.) ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து வையுங்கள்; வீட்டுக் கலவை கெட்டுப் போகும்.

அது காய்வதற்குள் எண்ணெய். எவ்வளவு? இரண்டு அல்லது மூன்று சொட்டு. உள்ளங்கையில் விட்டு, இரு கையையும் சேர்த்துத் தேய்த்துச் சூடாக்கி, முகத்தில் ஒற்றுங்கள். ஆறேழு சொட்டு விட்டால் நன்மை இரட்டிப்பாகாது. தலையணை உறைதான் பாழாகும்.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். இங்கேதான் ஆளுக்கு ஒரு கட்சி. சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் நிறைய உண்டு. சருமச் சாந்துக்கு வேண்டிய பொருள் அது. ஆலிவ் எண்ணெயை ஆகா ஊகோவென்று புகழ்கிறார்களே, அதில் மிகுந்திருப்பது ஓலியிக் அமிலம். அது சாந்தைக் கொஞ்சம் குலைக்கும். இங்கிலாந்தில் தொண்டர்களின் முன்கையில் சில வாரங்கள் இரண்டையும் தடவிப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். ஆலிவ் எண்ணெய் தோலின் காவலைத் தளர்த்தியது. சூரியகாந்தி எண்ணெய் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. விலை அதிகம் என்பதற்காக ஒரு பொருள் நம் முகத்துக்கு உறவாகிவிடுமா?

நல்லெண்ணெயில் இரண்டு அமிலமும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கின்றன; பலருக்கு ஒத்துக் கொள்ளும். தேங்காய் எண்ணெயைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று கேரளத்துச் சகோதரிகள் சண்டைக்கு வர வேண்டாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட சருமம் உள்ள 34 பேரிடம் பரிசோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. கைகாலுக்கு அது போதும். பருவுக்கு இடம் கொடுக்கும் முகத்தில் மட்டும் அது துவாரங்களை அடைத்து வம்பு செய்யலாம்.

அண்ணியின் அடுத்த வீட்டு அம்மாள், வடக்கத்தி வழக்கப்படி ஒரு கிண்ணம் கடுகெண்ணெய் கொடுத்திருக்கிறாள். அன்போடு கொடுத்ததைச் சமையலுக்கு வைத்துக் கொள்ளலாம். முகத்துக்கு அது எரிச்சல். பச்சைக் குழந்தைக்குத் தேய்ப்பதும் நல்லதல்ல. எலுமிச்சைத் தைலம் போன்ற வாசனைத் தைலங்களைச் சொந்த யோசனையில் கலப்பதும் ஆபத்து; தடவிக் கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகலாம். எந்த எண்ணெயானாலும் முழங்கையின் உள்மடிப்பில் மூன்று நாலு நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

மூக்கின் இரு பக்கத்திலும் புருவத்திலும் சிவந்து, செதில் செதிலாக உதிர்கிறதா? தலையில் பொடுகும் இருக்கிறதா? அது வறட்சி அல்ல, பொடுகின் உறவு. அங்கே எண்ணெய் தடவுவது அதற்குக் காரணமான நுண்ணுயிருக்கு விருந்து வைப்பதாகும். டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, நான் சொல்லக் கூச்சப்படும் பகுதி. இத்தனை விவரமும் தெரிந்து கொண்டு, வரிசையைத் திருத்தி, அடுத்த வருஷம் அண்ணிக்கு எழுதினேன். அவளும் செய்தாள். முகம் ஓரளவு தேறியது. ஆனால் பங்குனி பிறந்து டில்லி வெயில் கொளுத்தத் தொடங்கிய பிறகும் முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் மாதிரி இருந்தது. "எல்லோரும் மின்விசிறி போடச் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் குளிர்கிறது" என்றாள். தலைமயிர் கொத்துக் கொத்தாக வந்தது. சாப்பாடு குறைந்தும் உடம்பு பருத்தது. பகலிலேயே தூக்கம். போனில் அவள் குரல் கரகரத்ததை நானே கேட்டேன், "ஜலதோஷமா?" என்று விசாரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

கடைசியில் அண்ணன்தான் டாக்டரிடம் அழைத்துப் போனான். ரத்தப் பரிசோதனை நடந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்கவில்லை. வறட்சி அதன் அடையாளங்களில் ஒன்று. இரண்டு குளிர்காலமாக நாங்கள் அதற்கு எண்ணெய் பூசிக் கொண்டிருந்தோம்.

நன்றாகப் பராமரித்தும் ஐந்தாறு வாரத்தில் வறட்சி குறையாவிட்டால், அல்லது உடம்பு பூராவும் பரவி, அரிப்பு இரவில் தூங்க விடாவிட்டால், எண்ணெய்ப் பாட்டிலை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம். கடைக்காரர் சிபாரிசு செய்யும் 'சிவப்பழகு' களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது; முதல் மாதம் முகம் மின்னும், பிறகு தோல் மெலிந்து சிவந்து எரியும்.

அண்ணி தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுக் கொள்கிறாள். சில மாதங்களில் கால் தோல் மிருதுவாயிற்று, குரலும் திரும்பியது. இரவில் பன்னீர்க் கிளிசரின், அதன் மேல் மூன்று சொட்டு நல்லெண்ணெய் என்ற வழக்கத்தையும் விடவில்லை. சென்ற கார்த்திகையில் பழைய ஞாபகத்தில், "எண்ணெய் ஏதாவது அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"எண்ணெய் இங்கேயே கிடைக்கிறது. நீ சோதனை செய்து மீந்த அப்பளத்தை அனுப்பு" என்றாள்.