மலைப்பாதையில் காலைப் பயணம்: வெறும் வயிற்றுடன் புறப்படலாமா?

கோடை விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு உறவினர் வீடு செல்லும் எம்மவர்கள் பான்ஃப் மலைகளைப் பாராமல் திரும்புவதில்லை. கல்கரியிலிருந்து பான்ஃப் நகர் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். மான், கரடி முதலியவற்றைக் காண விடிகாலையே உகந்த நேரம் என்பதால் இருட்டோடு புறப்படுகிறோம். மனதுக்கும் உடலுக்கும் நல்ல பயணம்தான். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. அதை எமது குடும்பத்திலேயே கண்டோம்.

2023 யூலையில் கல்கரியில் அக்கா வீட்டில் நின்றபோது, அத்தான் வாகனத்தை ஓட்ட, பெருந்தெருவை விட்டு 1ஏ எனப்படும் போ பள்ளத்தாக்குப் பாதையால் சென்றோம். அத்தானுக்கு நெடுநாள் நீரிழிவு. "பிந்தினால் ஒண்டையும் காணேலாது, வழியிலை சாப்பிடுவம்" என்று சொல்லி, காலைக் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அக்கா கட்டித் தந்த இடியப்பம் பின் ஆசனத்தில் இருந்தது.

பாதையோரம் எல்க் மான்கள் சில மேய்ந்துகொண்டிருந்தன. அத்தான் நடு வீதியில் வாகனத்தை நிறுத்தி, இறங்கி அவற்றை நோக்கி நடக்கத் தொடங்கினார். கூப்பிட்டால் கோபித்தார். வெளியே நல்ல குளிர்; அவர் நெற்றியிலோ வியர்வை. ஆசை மிகுதியால் செய்கிறார் என்றே, மருத்துவராக இருந்தும், நாம் முதலில் எண்ணினோம். கையைப் பிடித்தபோதுதான் நடுக்கம் தெரிந்தது. சீனியை அளந்தோம்: 2.9. பிள்ளைகளுக்கு வைத்திருந்த பழரசம் அன்று அவரைக் காப்பாற்றியது.

ஏன் இப்படி நடக்கிறது?

இன்சுலினும், கிளிக்லசைட் போன்ற குளிசைகளும் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரத்தத்தில் உள்ள சீனியைக் குறைக்கும். மூளை இயங்குவதற்குக் குளுக்கோஸ் வேண்டும். அது குறையும்போது நடுக்கம், வியர்வை, பசி, தடுமாற்றம், காரணமற்ற கோபம் ஏற்படலாம். நிதானமும் தவறுவதால், தமக்கு ஏதோ நடக்கிறது என்பது நோயாளிக்கே விளங்காமல் போகலாம். பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது.

புறப்படும் முன்னும் வழியிலும்

• முதலில் காலை உணவு, அதனுடன் மருந்து. பயந்து மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரத்தை மாற்றுவது பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். கல்கரி நேரம் ரொறன்ரோவுக்கு இரண்டு மணி பிந்தியது என்பதையும் மறவாதீர்கள்.

• இன்சுலினோ மேற்சொன்ன வகைக் குளிசைகளோ எடுப்பவர், வாகனம் ஓட்டும் முன் சீனியை அளக்க வேண்டும். கனடிய அளவில் 4.0க்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது. ஓடும்போது அறிகுறி தோன்றினால் பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்துங்கள்.

• சீனி குறைந்தால் 15 கிராம் குளுக்கோஸ் குளிசை, அல்லது 150 மில்லிலீற்றர் பழரசம், அல்லது மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த நீர் கொடுங்கள். டயற் பானம் உதவாது. 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து, இன்னும் 4.0க்குக் கீழே என்றால் திரும்பவும் கொடுங்கள். பின்னர் உணவு. 5.0க்கு மேல் வந்த பின்னரும் 40 நிமிடம் கழித்தே ஓட்டலாம்.

• மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்; 911ஐ அழையுங்கள். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் செல்லும் 232 கிலோமீற்றர் பாதையில் பெரும்பகுதிக்குக் கைத்தொலைபேசி வேலை செய்யாது. ஆகவே உணவும் சீனியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

• வளைந்த பாதையில் வாந்தி வராமலிருக்க எடுக்கும் கிறவோல் நித்திரையைத் தரும். ஓட்டுபவர் அதை எடுக்கக் கூடாது.

• இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச் செல்லாதீர்கள்.

விலங்குகளைக் கண்டால்

வாகனத்துக்குள் இருந்தே பாருங்கள். வெளியே நின்றால், மான், மூஸ், மலை ஆடுகளிடமிருந்து 30 மீற்றரும், கரடி, ஓநாய், மலைச் சிங்கத்திடமிருந்து 100 மீற்றரும் விலகி நிற்க வேண்டும் என்பது தேசியப் பூங்கா நிர்வாகத்தின் அறிவுறுத்தல். 30 மீற்றர் என்பது ஏறக்குறைய மூன்று பஸ்களின் நீளம். குட்டி ஈனும் மே, யூன் மாதங்களிலும், இணைசேரும் செப்ரெம்பர் மாதத்திலும் எல்க் மான்கள் பாய்ந்து தாக்கக்கூடும். படத்துக்காகப் பிள்ளைகளை அருகே அனுப்ப வேண்டாம். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.

இப்போது அக்கா அத்தானைச் சாப்பிட வைத்து, சீனியை அளந்த பிறகுதான் வாகனத் திறப்பைக் கையில் கொடுக்கிறா. அரை மணி பிந்திப் போனாலும் மான்களைக் காணலாம். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.