மிளகாய்க் கரைசல் கண்ணில் பட்டால்

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலும் அக்னி அஸ்திரமும் புழுக்களை விரட்ட நம்ம கைவசம் உள்ள நல்ல ஆயுதங்கள். ‘இயற்கைதானே, என்ன செஞ்சிடும்?’ என்று வெறுங்கையால் அரைக்கிறோம், எதிர்க்காற்றிலும் தெளிக்கிறோம். போலீஸ் பயன்படுத்தும் மிளகாய் ஸ்பிரேயில் எரிச்சல் தரும் அதே கேப்சைசின்தான் நம்ம டேங்கிலும் இருக்கு. இங்கே வீரியம் குறைவு, அவ்வளவுதான்.

கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெயில் கரையும், சோப்புக்கு விட்டுக்கொடுக்கும். ஆனால் தோலுக்குச் செய்வதைக் கண்ணுக்குச் செய்யக் கூடாது.

கண்ணில் பட்டால்: தேய்க்காதீங்க. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைக் கழுவிட்டுக் கழற்றுங்க. பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, கண்ணைச் சிமிட்டிக்கிட்டே 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை மெதுவா ஊத்தணும். இன்னொருத்தர் ஊத்தினால் நல்லது. எண்ணெய், பால், தாய்ப்பால் எதுவும் கண்ணில் விடக் கூடாது. அப்புறமும் வலியோ பார்வை மங்கலோ இருந்தால் கண் டாக்டரிடம் போயிடணும்.

தோலில் பட்டால்: சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்க. வெந்நீர் எரிச்சலைக் கூட்டும்.

நெடி ஏறினால்: காற்றோட்டமான இடத்துக்கு வந்துடணும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரை எடுத்துக்கணும். மூச்சுத்திணறல் அடங்கலைன்னா உடனே 108.

அக்னி அஸ்திரத்தில் புகையிலையும் இருக்கு. அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும். தலைசுற்றல், வாந்தி வந்தால் நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்க. ‘புகையிலைக் கரைசல் பட்டது’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும்.

வேலை முடிஞ்சதும் தெளிப்பான், அம்மி, மிக்ஸி எல்லாத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்க. அடைச்ச நாசிலை வாயால் ஊதாதீங்க. உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்கணும். குழந்தைகள் துணியோடு சேர்க்க வேண்டாம்.

வங்கியில் தீயணைப்பான் எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். வயலில் அந்த இடம் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கும் ஒரு சோப்புக்கட்டிக்கும். டேங்கை முதுகில் மாட்டும் முன்னாடியே அதை வரப்பில் வச்சிடுங்க. கண் எரியும்போது கிணறு ரொம்ப தூரம்.