டாஸ்க்பார் ஐகான் அசையலையா? பவர் பட்டன்ல கை வைக்காதீங்க!

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி. அக்காவிடமிருந்து போன். குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

“தம்பி, கம்ப்யூட்டர்ல கீழே வரிசையா சின்னச் சின்னப் படம் இருக்குமே, அது எதுவுமே வேலை செய்யலடா. எத்தனை தடவை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குது. ரெண்டரை மணி நேரமா கொஸ்டின் பேப்பர் டைப் பண்ணியிருக்கேன். அதைக் கீழே இறக்கி வெச்சுட்டு, நெட்ல ஒரு படம் எடுக்கப் போனேன். இப்போ திரும்ப மேலே வரவே மாட்டேங்குது. ஒரு தடவைகூட சேவ் பண்ணலை. காலையில எட்டு மணிக்கு ஸ்கூல்ல கொடுக்கணும். மாமா பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிடலாம்ங்கிறார்...”

“முதல்ல மாமாவைக் கையை எடுக்கச் சொல்லு!” என்றேன்.

அடுத்த பத்து நிமிடங்களில் கொஸ்டின் பேப்பர் பத்திரமாகக் கிடைத்துவிட்டது. டாஸ்க்பாரும் சரியாகிவிட்டது. மெக்கானிக் வரவில்லை, பைசா செலவில்லை. போனில் நான் சொல்லச் சொல்ல அக்கா செய்தவை எல்லாம், கீபோர்டு இருக்கும் எந்த வீட்டிலும் யாரும் செய்யக்கூடியவைதான்.

காலிங் பெல் ரிப்பேர்... வீட்டில் ஆள் இருக்கிறார்!

திரையின் அடியில் நீளமாக ஓடும் பட்டைதான் டாஸ்க்பார். 1995-ல் வெளிவந்த விண்டோஸ் 95-ல் அறிமுகமாகி, இன்றுவரை நம்மோடு இருக்கிறது. இதை இயக்குவது ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற ஒரு புரோகிராம். டெஸ்க்டாப்பில் தெரியும் ஐகான்கள், நாம் திறந்து பார்க்கும் ஃபோல்டர்கள் எல்லாமே இதன் பொறுப்புதான்.

இந்த எக்ஸ்ப்ளோரர் திணறினால் டாஸ்க்பார் உறைந்துபோகும். ஆனால், நீங்கள் டைப் செய்துகொண்டிருந்த வேர்டு ஃபைலும், திறந்து வைத்திருந்த எக்செல் கணக்கும் தனித்தனி புரோகிராம்கள். பெரும்பாலும் அவை உள்ளே நலமாகவே இருக்கும். காலிங் பெல் அடிக்கவில்லை என்பதற்காக வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா? கதவைத் தட்டிப் பார்ப்போம் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால், நலமாக இருந்தவையும் சேர்ந்து அணைந்துவிடும். சேவ் செய்யாத வேலை போய்விடலாம். வேர்டில் ஆட்டோ ரெக்கவர் என்ற வசதி, மாற்றாமல் விட்டிருந்தால், 10 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு நகலை எடுத்து வைக்கும். ஆனால், எல்லா புரோகிராமிலும் அந்த வசதி கிடையாது. கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி அணைத்தால், விண்டோஸின் ஃபைல்களே சேதமாகலாம். எனவே, அது கடைசி ஆயுதம்.

முதல் வேலை... சேவ்!

ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப் கீயைத் தட்டுங்கள். திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் திரையில் வரிசையாகத் தெரியும். டேப்பைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக நகரும். வேண்டியது வந்ததும் கையை எடுத்துவிட்டால், அது மேலே வந்துவிடும். உடனே கன்ட்ரோலும் எஸ் கீயும் சேர்த்து அழுத்துங்கள். புது ஃபைல் என்றால் பெயர் கேட்கும். ஏதாவது ஒரு பெயர் கொடுத்து என்டர் தட்டுங்கள். அக்காவின் கொஸ்டின் பேப்பர் இப்படித்தான் பிழைத்தது.

சில நேரம் ஆல்ட் - டேப்பும் மக்கர் செய்யலாம். அப்போதும் கவலை வேண்டாம். நாம் அடுத்து செய்யப்போகும் வைத்தியத்தில் வேர்டு மூடப்படாது.

அதற்கு முன் சின்ன சோதனை. திரையில் வேறு இடத்தில் மவுஸ் க்ளிக் ஆகிறதா என்று பாருங்கள். எங்குமே ஆகவில்லை என்றால் குற்றவாளி டாஸ்க்பார் இல்லை, மவுஸ். வயர்லெஸ் மவுஸாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். வயர் உள்ளதாக இருந்தால் கழற்றி வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

எக்ஸ்ப்ளோரரைத் தட்டி எழுப்புங்கள்

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். திறக்காவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி, வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள்.

2. விண்டோஸ் 10-ல் சின்னப் பெட்டியாகத் திறந்தால், அதன் அடியில் உள்ள ‘மோர் டீட்டெய்ல்ஸ்’ என்பதை க்ளிக் செய்யுங்கள்.

3. பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்ற வரியைத் தேடுங்கள். அதன் மேல் ரைட் க்ளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள்.

டாஸ்க்பாரும் டெஸ்க்டாப் ஐகான்களும் ஒரு நிமிடம் மாயமாக மறைந்து, மீண்டும் வரும். “ஐயோ, எல்லாம் போச்சே!” என்று அக்கா அலறியது இந்த இடத்தில்தான். பயப்படாதீர்கள், திரும்பி வந்துவிடும். வராவிட்டால் டாஸ்க் மேனேஜரிலேயே ‘ரன் நியூ டாஸ்க்’ என்பதைத் தேடி (விண்டோஸ் 10-ல் ‘ஃபைல்’ மெனுவுக்குள் இருக்கும்), எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பென் டிரைவுக்கோ, வேறு ஃபோல்டருக்கோ ஃபைல்கள் காப்பி ஆகிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். அந்த வேலையையும் எக்ஸ்ப்ளோரர்தான் செய்கிறது என்பதால், பாதியில் நின்றுவிடும்.

ஒரு ஐகான் மட்டும் முரண்டு பிடித்தால்?

மற்றவை வேலை செய்து, ஒன்று மட்டும் திறக்கவில்லை என்றால், அந்த புரோகிராம்தான் உறைந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துவிட்டு மறுபடி திறங்கள். அதில் சேவ் செய்யாதது இருந்தால் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. லேப்டாப்பை டி.வி-யில் இணைத்துப் படம் பார்த்திருப்பீர்கள். ஐகானை க்ளிக் செய்தால், அந்த புரோகிராம் அங்கே டி.வி திரையில் போய்த் திறக்கும். நாம் இங்கே காத்துக்கொண்டிருப்போம். விண்டோஸ் கீயும் பி கீயும் சேர்த்து அழுத்தி, ‘பிசி ஸ்க்ரீன் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், எல்லாம் லேப்டாப் திரைக்கே வந்துவிடும்.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

“தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணித்தானே தூங்குறேன்?” என்று கேட்டார் அக்கா. நியாயமான கேள்வி. ஆனால், விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உண்டு. மறுநாள் சீக்கிரம் விழிப்பதற்காக, ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள்பகுதியை முழுக்கக் கலைக்காமல், அப்படியே டிஸ்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். பழைய கோளாறு மறுநாளும் தொடர இதுவே காரணமாகலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். எனவே, வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

டாஸ்க்பார் இல்லாமல் ரீஸ்டார்ட் கொடுப்பது எப்படி? கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினால் வரும் திரையின் வலது கீழ் மூலையில் பவர் சின்னம் இருக்கும். அதை க்ளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுக்கலாம்.

அடிக்கடி நடக்கிறதா?

என்றோ ஒருநாள் என்றால் மேலே சொன்னது போதும். வாரா வாரம் என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

*இடம் இருக்கிறதா?* செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று வரிசையாகப் போய்ப் பாருங்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் எல்லாமே மந்தமாகும். அங்கேயே ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பகுதியில் வேண்டாதவற்றை நீக்கலாம். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் அடித்துவிடாதீர்கள். நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ், ரசீது எல்லாம் அதோடு போய்விடும்.

*கூட்டம் அதிகமா?* கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே தானாகத் திறந்துகொள்ளும் புரோகிராம்களை, டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் பார்க்கலாம். தேவையில்லாதவற்றை ‘டிசேபிள்’ செய்யுங்கள். ஆன்டிவைரஸை மட்டும் தொட வேண்டாம்.

*அப்டேட் சரியா?* சில சமயம் தவறு நம் பக்கமே இருக்காது. 2021 செப்டம்பரில், விண்டோஸ் 11-ஐ வெளியீட்டுக்கு முன்பே சோதித்துக்கொண்டிருந்தவர்களின் கம்ப்யூட்டர்களில் ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் திடீரென்று உறைந்தன. மைக்ரோசாஃப்ட் தன் சர்வரிலிருந்து அனுப்பிய ஒன்றுதான் காரணம் என்று தெரிந்து, அந்த நிறுவனமே அதை நிறுத்தியது. உங்கள் வீட்டிலும் அப்டேட் ஆன மறுநாளே பிரச்னை ஆரம்பித்தது என்றால், விண்டோஸ் அப்டேட் பகுதியில் ‘அப்டேட் ஹிஸ்டரி’க்குள் போய்க் கடைசியாக வந்ததை நீக்கிப் பார்க்கலாம். அதற்காக அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிடக் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதுதான்.

*ஃபைல் சேதமா?* ஸ்டார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து, ‘அட்மின்’ என்று முடியும் டெர்மினல் அல்லது பவர்ஷெல்லைத் திறங்கள். எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, அதை ஒட்டி ‘ஸ்கேன்நவ்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி என்டர் தட்டுங்கள். விண்டோஸ் தன் ஃபைல்களைத் தானே சோதித்து, பழுதானதை மாற்றிக்கொள்ளும். நேரம் எடுக்கும், நடுவில் மூடாதீர்கள்.

அந்த போன் நம்பர்!

எல்லாம் சரியான பிறகுதான் அக்கா மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார். “உனக்குப் பண்றதுக்கு முன்னாடி, நெட்ல தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பருக்குப் பண்ணினேன். பிஸின்னு வந்துச்சு.”

எனக்கு தூக்கிவாரிப் போட்டது. தேடலில் கண்ணில் படும் எண்கள் எல்லாம் உண்மையானவை அல்ல. எதிர்முனையில் இருப்பவர் கனிவாகப் பேசி, ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். அதன் வழியாக உங்கள் கம்ப்யூட்டரை அவர் அங்கிருந்தே இயக்குவார். கட்டணம் என்று ஒரு சின்னத் தொகையைக் கட்டச் சொல்வார். நீங்கள் பேங்க் பாஸ்வேர்டை டைப் செய்வதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கொஸ்டின் பேப்பர் போனால் மறுபடி டைப் செய்யலாம். சேமிப்பு போனால்?

திரையில் ‘வைரஸ்! உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று அலறும் அறிவிப்பும் இதே ரகம்தான். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. ஏற்கெனவே ஏமாந்துவிட்டால், இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், பேங்க்குக்குத் தகவல் சொல்லுங்கள், வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைக்க...

• ஆல்ட் + டேப்: மறைந்த புரோகிராமை மேலே கொண்டுவர
• கன்ட்ரோல் + எஸ்: சேவ் செய்ய
• கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப்: டாஸ்க் மேனேஜர் திறக்க
• கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட்: எதுவுமே நடக்காதபோது
• விண்டோஸ் + பி: டி.வி-க்குப் போன திரையை மீட்க

அக்கா இதைக் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். போன மாதம் டாஸ்க்பார் மறுபடியும் நின்றதாம். “தம்பிக்கு போன் போடவா?” என்று மாமா கேட்டிருக்கிறார்.

“வேணாம். நீங்க ரெண்டு நிமிஷம் பவர் பட்டன் பக்கம் வராம இருங்க, அது போதும்” என்றாராம் அக்கா!