பூட்டு உடையலேன்னா திருட்டு இல்லையா?

சமையல் குறிப்பும் கோலமும் வரும் இந்தப் பகுதிக்கு இன்ஷூரன்ஸ் பற்றி எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் நான் ஒரு வருஷம் அலைந்து தெரிந்துகொண்டதை நீங்கள் அலையாமலே தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குள்ளஞ்சாவடி. எங்க வீட்டுக்காரர் நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர். வீட்டின் முன்பக்கத்தைத் தளம் போட்டுக் கட்ட பாங்கில் கடன் வாங்கினோம். பின்பக்கம் அடுப்படி இன்னமும் மாமனார் காலத்து ஓட்டுக்கூரைதான். கடன் கொடுக்கும்போதே, "வீட்டுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுக்கங்கம்மா, தீ, புயல், திருட்டு எல்லாத்துக்கும் பணம் வரும்" என்று சொல்லி ஒரு பாலிசி கொடுத்தார்கள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளை பீரோவில் வைத்ததோடு சரி. ஒரு வரி படித்ததில்லை.

2023 பிப்ரவரி 5, தைப்பூசம். வடலூர் ஜோதி தரிசனத்துக்கு விடியற்காலையிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிட்டோம். இருட்டின பிறகுதான் திரும்பினோம். முன்வாசல் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. உள்ளே போனால் தோட்டத்துக் கதவு திறந்து கிடக்கிறது, பீரோ வாயைப் பிளந்து நிற்கிறது. மூன்று சவரன் இரட்டை வடச் சங்கிலி, இரண்டு சவரன் வளையல், அரை சவரன் ஜிமிக்கி, வெள்ளிக் குத்துவிளக்கு, சீட்டுக் கட்ட வைத்திருந்த ஆறாயிரம் ரூபாய் எல்லாம் போய்விட்டது. பெரியவளைக் காலேஜில் சேர்க்கும்போது அந்த வளையலைத்தான் அடகு வைப்பதாக இருந்தோம். அடுப்படியில் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிந்தது. ஓட்டைப் பிரித்து, இரண்டு ரீப்பரை உடைத்து இறங்கியிருக்கிறான். போகும்போது தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து திறந்துகொண்டு போய்விட்டான். பீரோ சாவியை நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பது வழக்கம். அதையும் தேடி எடுத்திருக்கிறான்.

"சாவியை அங்க வெச்சது நீதானே" என்று மாமியார் ஒரு தடவைதான் சொன்னார்கள். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரியே போலீஸில் புகார் கொடுத்தோம். அழுதுகொண்டே நானே எழுதிய புகாரில், "ஊருக்குப் போயிருந்தபோது பீரோவில் இருந்த நகைகள் திருடு போய்விட்டன" என்று மட்டும் எழுதிவிட்டேன். ஓடு பிரித்ததை எழுதவில்லை. கண்ணுக்கு நேராக ஓட்டை தெரியும்போது அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எஃப்.ஐ.ஆரிலும் அப்படியே ஏறிவிட்டது. மறுநாள் காலை போலீஸார் வந்து வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பொம்பளைப் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு கூரையில் ஓட்டையோடு எப்படிப் படுப்பது? அதற்கு மறுநாளே ஆள் வைத்து ஓட்டை மாற்றிவிட்டோம்.

பாங்கில் சொன்ன பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம். எட்டாம் நாள் ஒரு சர்வேயர் வந்தார். முன் பூட்டைப் பார்த்தார், பின் தாழ்ப்பாளைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். "எதுவுமே உடையலையேம்மா" என்றார். கூரையைக் காட்டினேன். புது ஓடு பளபளவென்று இருந்தது. குறித்துக்கொண்டாரா இல்லையா தெரியாது.

மே மாதம் கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். எதிர் வீட்டு அக்கா மகள்தான் படித்துச் சொன்னாள். வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் இல்லையாம். பீரோவும் சாவி போட்டே திறக்கப்பட்டிருக்கிறதாம். இது வெறும் திருட்டு, பாலிசியில் சொன்ன 'பர்க்ளரி' இல்லையாம். நகைக்கு பில்லும் இல்லையாம். ஆகவே பணம் கிடையாதாம்.

எங்க வீட்டுக்காரர், "விடு, அவனுங்க எப்பவும் இப்படித்தான்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடலூர் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக உதவி செய்கிறார்கள். அங்கே இருந்த வக்கீல் அம்மா என் பாலிசியை முதல் வரியிலிருந்து படித்தார். வாங்கிய நாளுக்குப் பிறகு அதை யாரோ படித்தது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நமக்குத் திருட்டு என்றால் எல்லாம் திருட்டுதான். இன்ஷூரன்ஸில் அப்படியில்லை. கதவு திறந்திருந்த வீட்டில் புகுந்து எடுப்பது ஒன்று. உடைத்தோ, பிரித்தோ, கன்னம் வைத்தோ நுழைந்து எடுப்பது வேறொன்று. பல பாலிசிகளில் இரண்டாவதற்குத்தான் பணம். இது கம்பெனிக்காரர் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை, சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்ட விஷயம். யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்பவர்களுக்கும் நடந்த வழக்கில் 2004-ல் தீர்ப்பு வந்தது. பலவந்தம் இல்லாமல் நடந்த திருட்டுக்கு, பாலிசியில் அப்படி எழுதியிருப்பதால், பணம் தரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். 2016-லும் ஒடிசா அரசு நிறுவனம் ஒன்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் மேல் தொடுத்த வழக்கில் இதே கதைதான்.

கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் வக்கீல் அம்மா சிரித்தார். "அந்த 2004 தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கும்மா. சாதாரண ஜனங்க திருட்டுக்குன்னு நினைச்சுத்தான் பாலிசி எடுக்கிறாங்க. பலவந்தம் இருக்கணும்கிற நிபந்தனை அவங்களுக்கு எங்கே புரியும்? ஜனங்களுக்குப் புரியிற மாதிரி பாலிசியை மாத்தணும்னு நீதிபதிகளே கம்பெனிக்குச் சொல்லியிருக்காங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க வீட்டில் ஓட்டைப் பிரிச்சு ரீப்பரை உடைச்சிருக்கானே, அது பலவந்தம் இல்லாம வேறென்ன? பாலிசி கேட்கிறது வீட்டுக்குள்ள எப்படி வந்தான்னுதான். பீரோவை எப்படித் திறந்தான்னு இதுல எங்கேயும் கேட்கலை" என்றார்.

சரி, கூரையைப் பிரித்ததற்கு சாட்சி? போலீஸார் மறுநாள் எழுதிய 'பார்வை மகஜர்' இருக்கிறதே! அதில் சமையலறை மேல் ஓடுகள் அகற்றப்பட்டதும் ரீப்பர் உடைந்ததும் எழுதியிருந்தது. கோர்ட்டில் மனுப் போட்டு அதன் நகலை வாங்கினோம். என் நாத்தனார் மகன் அன்று ராத்திரியே செல்போனில் எடுத்த போட்டோவும் இருந்தது. விளையாட்டாக எடுக்கிறானே என்று அப்போது அவனைத் திட்டினேன். அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

நகைக்கு பில் இல்லை, உண்மை. அம்மா வீட்டில் போட்டது, பில்லை யார் வைத்திருக்கிறார்கள்? ஆனால் சங்கிலியையும் வளையலையும் முன்பு ஒரு தடவை கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து மீட்டிருந்தோம். மதிப்பீட்டாளர் எடை போட்டு எழுதிய அந்த நகைக்கடன் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. கல்யாண போட்டோவையும் சேர்த்தோம்.

இதையெல்லாம் வைத்து முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டோம். அறிக்கையில் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய பதிலே திரும்ப வந்தது. பிறகு சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு, அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, மனு அனுப்பினோம். அதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வைத்து வாதாடவும் அங்கே இடமில்லை, நாமேதான் பேச வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். பயம்தான். விசாரணை செல்போன் வீடியோவில் நடந்தது. கம்பெனி அதிகாரி ஏதேதோ சொன்னார். என் முறை வந்தபோது, "சார், பூட்டு உடையலேன்னு சொல்றாங்க. திருடன் வாசல் வழியா வரலை சார், கூரை வழியா வந்தான்" என்று மகஜரில் உள்ள வரியைப் படித்தேன். வேறு ஒன்றும் பேச வரவில்லை.

2024-ல் உத்தரவு வந்தது. கூரையைப் பிரித்து நுழைந்தது பலவந்த நுழைவுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். பாலிசியில் நகைக்குப் போட்டிருந்த வரம்பு ஒன்றரை லட்சம். அது முழுதும் ஒரு மாதத்துக்குள் வந்தது. வெள்ளி விளக்குக்கு ஆதாரம் இல்லை, ரொக்கத்துக்குப் பாலிசியில் இடமில்லை, அதனால் அவை வரவில்லை. திருடு போன நேரத்தில் சவரன் 42 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அஞ்சரை சவரனுக்கு ஒன்றரை லட்சம் எந்த மூலைக்கு? ஆனாலும் பெரியவள் காலேஜ் சேர அது உதவியது. நகை இன்னும் கிடைக்கவில்லை.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

* பாலிசியை எடுத்துவந்து, 'திருட்டு' என்பதற்கு அதில் என்ன அர்த்தம் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். புரியாவிட்டால் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியில் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவை உண்டு. நம் மாவட்டத்தை 2011-ல் அடித்த தானே மாதிரி புயலுக்கு அது உதவும். ஆனால் திருட்டு என்றால், அப்படி ஒரு ஆபத்து நடந்து அதைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டும்தான். சாதாரண நாளில் நடக்கும் கன்னக்களவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகைக்கும் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

* நகைக்குப் போட்ட தொகையை வருஷா வருஷம் பாருங்கள். 2025-ல் சவரன் 75 ஆயிரத்தையும் தாண்டிப் போனது. பழைய தொகையே இருந்தால் என் கதிதான்.

* நகையை எடை சீட்டோடு போட்டோ எடுத்து, பில்லையும் அடகுச் சீட்டையும் வேறு இடத்தில் வையுங்கள்.

* திருடு போனால், திருடன் எப்படி உள்ளே வந்தான் என்பதைப் புகாரில் முதலில் எழுதுங்கள். ஓடு, ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள் எதுவானாலும் எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

* பழுது பார்ப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். உடைந்த ஓடு, ரீப்பரைத் தூக்கி எறியாதீர்கள். கம்பெனிக்கும் உடனே எழுதித் தகவல் கொடுங்கள்.

* கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ ஆம்புட்ஸ்மனிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். அல்லது, பணம் மறுக்கப்பட்டு இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மன் அதே புகாரை எடுக்கமாட்டார். ஆகவே யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

* காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண் 155255. சட்ட உதவிக்கு 15100.

கடைசியாக ஒன்று. பீரோ சாவியை இப்போது நான் எங்கே வைக்கிறேன் என்று யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் பாலிசி தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சின்னவள் உட்பட.

— ஒரு வாசகி, குள்ளஞ்சாவடி