திறவுகோலும் தொலைவும்: மகிழுந்துத் திருட்டை விளங்கிக்கொள்ளுதல்

ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பல்லாயிரவர் எல்லை கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர் தம் மகிழுந்தையோ மோட்டார் சைக்கிளையோ இக்கரையில் நிறுத்திவிட்டு இரவில்தான் திரும்புகின்றனர். பகல் முழுவதும் ஆளின்றி நிற்கும் அவ்வண்டியைக் காப்பது எது என்பது நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம். பூட்டுதல் என்பது ஒன்றை மற்றொன்றோடு பிணைத்தல். வண்டியை எதனோடு பிணைப்பது என்பதே மகிழுந்துப் பாதுகாப்பின் அடிப்படைக் கேள்வியுமாகும்.

முதலில் அதனைத் திறவுகோலின் வடிவத்தோடு பிணைத்தனர். வடிவத்தைப் படியெடுத்தாலோ, பூட்டை உடைத்து மின்கம்பிகளை இணைத்தாலோ எந்திரம் இயங்கிவிடும். இதற்கு மாற்றாக எந்திர முடக்கி வந்தது. வண்டி ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணை அனுப்பும். திறவுகோலில் பதித்த சில்லு, தன் மறைகுறியைக் கொண்டு கணக்கிட்டு விடை தரும். விடை தவறினால் எந்திரம் இயங்காது. ஐக்கிய இராச்சியம் 1998 அக்டோபர் முதல் புதிய மகிழுந்துகளில் இதனைக் கட்டாயமாக்கியது.

அடுத்து, சட்டைப் பையில் இருந்தபடியே கதவைத் திறக்கும் திறவுகோல் வந்தது. பெயரில் கோல் உண்டு; பொருளில் கோல் இல்லை. சரியான விடை வந்தால் திறவுகோல் அருகில் இருக்கிறது என்று வண்டி நம்புகிறது. அந்த நம்பிக்கையே அதன் ஓட்டை. திருடருள் ஒருவர் வண்டியருகிலும் மற்றவர் வீட்டு வாயிலிலும் கருவியோடு நின்று வானலைகளைக் கைமாற்றுகின்றனர். மறைகுறியை அவர்கள் அறிய வேண்டியதே இல்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 வகை மகிழுந்துகளை இம்முறையில் சோதித்து, பத்தும் ஏமாந்தன என 2011இல் வெளியிட்டனர். வானலை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். எனவே விடை வரும் நேரத்தை நுட்பமாக அளந்து, திறவுகோலின் உண்மைத் தொலைவை அறியும் முறை இப்போது புகுந்துவருகிறது.

அவ்வாறெனில், வண்டியை உரிமையாளரின் உடலோடே பிணைத்துவிடலாமே எனத் தோன்றும். 2005இல் கோலாலம்பூர்ப் புறநகரில் விரல்ரேகையால் இயங்கும் மகிழுந்து ஒன்றைக் கொள்ளையர் பறித்தனர். அதனை மீண்டும் இயக்குவதற்காக உரிமையாளரின் விரலை வெட்டி எடுத்துச் சென்றனர். திறவுகோலைக் கொடுத்துவிட்டு உயிர் தப்பலாம். விரலை அவ்வாறு கொடுக்க இயலாது. பொருளைக் காக்க வந்த பூட்டு, மனிதரைப் பணயமாக்கக் கூடாது.

ஆகவே, ஒரே பூட்டை நம்பாதிருப்பதே அறிவுடைமை. ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு திருடரின் நேரத்தை வீணாக்கும். வீட்டில் திறவுகோலை நன்கு மூடிய உலோகப் பெட்டியில் வைத்தால் அலைகள் வெளியேறுவது தடைபடும்; பெட்டியை வண்டியருகே கொண்டுசென்று, கதவு திறக்கிறதா என நாமே சோதித்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு இது நல்லதோர் அறிவியல் செய்முறையும் ஆகும்.